துயரச் சொத்து: சொரொயா வைத்த நான்கு தலைப்புகள்

ஹொவாகீன் சொரொயா என்று இணையத்தில் தேடிப் பாருங்க. வெயில் கொட்டும். வெள்ளை உடையில் கடலோரம் நடக்கும் பெண்கள், ஈர உடம்போடு மணலில் புரளும் சிறுவர்கள், காற்றில் உப்பி நிற்கும் பாய்கள். ‘ஒளியின் ஓவியர்’ என்று ஒரு பட்டமே அவருக்கு உண்டு.

ஆனா இதே மனிதர் 1892 முதல் 1899 வரை வரைந்த நான்கு பெரிய படங்களை வரிசையாக எடுத்து வைத்தால் வேறு ஒரு ஓவியர் தெரிவார். கைவிலங்கோடு ரயிலில் போகும் ஒரு பெண். படகின் அடித்தளத்தில் காயம்பட்டுக் கிடக்கும் ஒரு பையன். விற்கப்படுவதற்காகக் கூட்டிப் போகப்படும் நான்கு இளம்பெண்கள். ஊன்றுகோலோடு கடலில் இறங்கும் நோயாளிச் சிறுவர்கள். சொரொயாவின் பெயரை ஸ்பெயினுக்கு வெளியே கொண்டுபோனதில் இந்தப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பதக்கம் மேல் பதக்கம் வந்தது. உச்சிக்குப் போன அந்த நேரத்தில்தான் இனி இந்த மாதிரி வரைய மாட்டேன் என்று நிறுத்திவிட்டார்.

ஏன் நிறுத்தினார்? பணக்கார வாடிக்கையாளர்களுக்கு வெயில்தான் பிடித்திருந்தது, அதனால்தான் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனா அந்த நான்கு படங்களின் தலைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் இன்னொரு கதை கிடைக்கிறது. அதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன்.

பதக்கத்துக்குப் பிணம் வேண்டும்

சொரொயா 1863 பிப்ரவரி 27-ல் ஸ்பெயினின் கிழக்குக் கரையில் இருக்கும் வாலென்சியாவில் பிறந்தார். அப்பா துணி வியாபாரி. 1865-ல் ஊரில் காலரா பரவியபோது அப்பா, அம்மா இரண்டு பேரும் சில நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். இரண்டு வயதுப் பையனையும் அவனுடைய தங்கையையும் வளர்த்தவர்கள் சித்தியும் அவருடைய கணவரும். சித்தப்பாவுக்குப் பூட்டு செய்கிற தொழில். பையனையும் பட்டறைக்குப் பழக்கப் பார்த்தார். அவன் கை பென்சிலையே தேடியதால், கைவினைஞர்களுக்கான பள்ளியில் ஓவிய வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து சான் கார்லோஸ் நுண்கலைப் பள்ளி.

மாணவனாக இருந்தபோதே அந்தோனியோ கார்சியா என்ற புகைப்படக்காரரின் ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். பின்னாளில் அவருடைய மகள் க்ளோதில்தேவைத்தான் 1888-ல் திருமணம் செய்துகொண்டார். இந்த ஸ்டுடியோ வேலையை மனசில வச்சுக்கோங்க. சட்டகத்துக்குள் ஒரு காட்சியை எங்கே வெட்டுவது, எங்கிருந்து வெளிச்சம் விழ வேண்டும் என்கிற கணக்கு அவருடைய படங்களில் கடைசி வரை இருந்தது.

அன்று ஸ்பெயினில் ஒரு ஓவியன் முன்னுக்கு வர ஒரே பெரிய வாசல் மாட்ரிட்டின் தேசிய நுண்கலைக் கண்காட்சி. 1856-ல் தொடங்கியது. அரசாங்கமே பதக்கம் கொடுக்கும், பிடித்த படத்தை விலை கொடுத்து வாங்கும். அங்கே செல்லுபடியான சரக்கு வரலாற்று ஓவியம்: மன்னர்கள், போர்கள், வீர மரணங்கள், சுவர் அளவு கித்தான். சொரொயாவும் அதைத்தான் செய்தார். 1808-ல் நெப்போலியன் படையை எதிர்த்து மாட்ரிட் மக்கள் எழுந்த நாளை வரைந்து, 1884-ல் இரண்டாம் வகுப்புப் பதக்கம் வாங்கினார். வயது 21. இங்கே பெயரும் பதக்கமும் வேணும்னா செத்தவர்களை வரையணும் என்று அந்த நாட்களில் ஒரு சக ஓவியரிடம் அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. கேலியாகச் சொன்னாரோ, கணக்காகச் சொன்னாரோ, சொன்னது சரிதான்.

அடுத்த ஆண்டு வாலென்சியா மாகாண அரசின் உதவித்தொகையில் ரோமுக்குப் போனார். அங்கிருந்து 1885-ல் பாரிஸுக்கு ஒரு பயணம். அங்கே இரண்டு கண்காட்சிகள் அவரைப் புரட்டிப் போட்டன. ஒன்று, அப்போதுதான் இறந்துபோயிருந்த ழூல் பாஸ்டியன்-லபாஜ் என்ற பிரெஞ்சு ஓவியருடையது. மற்றொன்று ஜெர்மானியரான அடால்ஃப் மென்ட்ஸெலுடையது. பாஸ்டியன்-லபாஜின் படங்களில் வைக்கோல் அறுக்கும் விவசாயிகளும் பிச்சைக்காரர்களும் முழு ஆள் உயரத்தில், அரசர்களுக்கு உரிய மரியாதையோடு நின்றார்கள். அழகுபடுத்தல் கிடையாது.

ஆனாலும் ரோமில் திரும்பவும் பெரிய சரக்கையே முயன்றார். கிறிஸ்துவின் அடக்கத்தைப் பிரம்மாண்டமாக வரைந்து 1887-ல் மாட்ரிட்டுக்கு அனுப்பினார். யாரும் ரசிக்கவில்லை. அந்தப் படம் முழுசாக இன்று இல்லை. துண்டுகள்தான் மிஞ்சியிருக்கின்றன. வரலாற்றுக் கதவு மூடியது. இன்னொரு கதவு திறந்துகொண்டிருந்தது.

இயல்புவாதம்: ஒரு சின்ன விளக்கம்

நம்ம பேச்சில் யதார்த்தவாதம், இயல்புவாதம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். வித்தியாசம் உண்டு. இருப்பதை இருப்பது மாதிரி காட்டுவது யதார்த்தவாதம். இயல்புவாதம் அதற்கு மேல் ஒரு படி போய், ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு அறிவியல் மாதிரி ஒரு காரணமும் சொல்லும்.

இதைக் கொள்கையாக்கியவர் பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஸோலா. உடலியல் விஞ்ஞானி க்ளோத் பெர்னார் ஆய்வுக்கூடத்தில் செய்வதை நாவலாசிரியன் மனிதர்களை வைத்துச் செய்ய வேண்டும் என்று 1880-ல் எழுதினார். அவருடைய இருபது நாவல் வரிசை முழுக்க ஒரே குடும்பத்தின் கதை. ஒரு மனிதன் குடிகாரனாவதும் கொலைகாரனாவதும் இரண்டால் தீர்மானிக்கப்படுகிறது: பரம்பரை ரத்தம், வாழும் சூழல்.

ஸ்பெயினில் இந்தக் கொள்கை நுழைந்ததே சண்டையோடுதான். எமிலியா பார்தோ பஸான் என்ற எழுத்தாளர் 1882-83-ல் ஒரு கட்டுரைத் தொடர் எழுதி இதை அறிமுகப்படுத்தினார். ஸோலாவின் கூர்மையான கண் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனா எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டது என்ற பகுதியை அவர் ஏற்கவில்லை. மனிதனுக்குத் தன்விருப்பம் உண்டு என்று நம்பிய கத்தோலிக்கர் அவர்.

ஆக, இயல்புவாதத்தில் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று கண்: கூசாமல் பார்ப்பது. மற்றொன்று காரணம்: இதனால்தான் இது என்று தீர்ப்பு சொல்வது. நாவலில் இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதலாம். ஓவியன் என்ன செய்வான்? கண்ணுக்குத் தெரிவதைக் கித்தானில் வரையலாம். காரணத்தை எங்கே வைப்பது? தலைப்பில்தான்.

முதல் தலைப்பு: இன்னொரு மார்கரீட்டா

1892. மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டி. வெறும் மரப் பெஞ்சுகள். ஒரு இளம்பெண் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். கையில் விலங்கு. பக்கத்தில் ஒரு துணி மூட்டை. பின் பெஞ்சில் துப்பாக்கியோடு இரண்டு காவலர்கள். சன்னல் வழியாக நல்ல வெயில் உள்ளே விழுகிறது. அந்த வெயிலுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை.

படம் இவ்வளவுதான் சொல்கிறது. அவள் யார், என்ன செய்தாள்? ‘இன்னொரு மார்கரீட்டா!’ என்ற தலைப்பைப் படித்தால்தான் தெரியும். கதே எழுதிய ஃபாஸ்ட் நாடகத்தில் வரும் பெண் மார்கரெட். ஃபாஸ்ட் அவளைக் காதலித்துக் கைவிடுகிறான். அவள் பெற்ற குழந்தையைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்று சிறைக்குப் போகிறாள். குனோ இதை ஓப்பராவாக்கியிருந்ததால் கண்காட்சிக்கு வந்த கூட்டத்துக்குக் கதை அத்துப்படி. பெயரைப் பார்த்ததுமே புரிந்திருக்கும்: இவள் தன் பிள்ளையைக் கொன்றவள்.

இதில் முக்கியமான சொல் ‘இன்னொரு’ என்பதுதான். இவள் முதல் ஆள் இல்லை, கடைசியும் இல்லை. கைவிட்டுப் போனவன் படத்தில் எங்கேயும் இல்லை, விலங்கு இவள் கையில் மட்டும். ஒரே சொல்லில் குற்றவாளிக் கூண்டை அகலப்படுத்திவிட்டார். மாட்ரிட்டில் முதல் வகுப்புப் பதக்கம். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியிலும் பரிசு. படம் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டது. இப்போது செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டாம் தலைப்பு: மீன் விலை

1894. மீன்பிடிப் படகின் அடித்தளம். பதினைந்து பதினாறு வயசு இருக்கும், சட்டை இல்லாத ஒரு பையன் மயங்கிக் கிடக்கிறான். ஒரு கிழவர் தோளைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். இன்னொருவர் காயத்தில் துணியை வைத்து அழுத்துகிறார். பையனின் கழுத்தில், கடல் ஆபத்திலிருந்து காப்பாற்றும் என்று நம்பிப் போட்ட ஒரு பதக்கம். பின்னால் அன்றைக்குப் பிடித்த மீன் குவிந்து கிடக்கிறது. சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட கிறிஸ்துவை வரையும் பழைய மரபு அப்படியே இதில் இருக்கிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். 1887-ல் யாரும் ரசிக்காத அதே காட்சி மீன்வாடையோடு திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லலாம்.

தலைப்பு: ‘இதுக்கு மேலயும் மீன் விலை அதிகம்னு சொல்றாங்க!’

இது கடைத்தெருவில் கேட்கிற பேச்சு. இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு நட்பு இருக்கிறது. வாலென்சியாக்காரரான எழுத்தாளர் விசென்தே பிளாஸ்கோ இபான்யெஸ், சொரொயாவைவிட நான்கு வயது இளையவர், தீவிரக் குடியரசுவாதி. கபான்யால் கடற்கரையில் அவர் நாவலுக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது சொரொயா பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்தார். 1895-ல் வந்த அவருடைய ‘மே மாதப் பூ’ நாவலின் முடிவில், புயலில் மீனவர்கள் செத்த பிறகு ஒரு மூத்த மீன்காரி கரையிலிருந்து நகரத்தைப் பார்த்து இதே அர்த்தத்தில் கத்துகிறாள்.

இங்கே தலைப்பின் வேலை என்ன? படத்துக்கு வெளியே நிற்கும் ஒருவரை உள்ளே இழுப்பது. மீன் வாங்கும்போது பேரம் பேசுகிற நகரத்துக் குடும்பம்தான் அந்தக் கண்காட்சிக்கு வந்து படத்தின் முன்னால் நிற்கிறது! 1895-ல் இதற்கும் முதல் வகுப்புப் பதக்கம் கிடைத்தது, அரசாங்கம் வாங்கிக்கொண்டது. இப்போது பிராதோ அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

மூன்றாம் தலைப்பு: தூங்கும் பெண்கள்

அதே காலத்தில் மறுபடியும் ஒரு மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டி. நான்கு இளம்பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்குகிறார்கள். தலையில் கிராமத்துத் துணி முக்காடு. ஓரத்தில் கருப்பு உடையில் வயதான பெண்மணி ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள்.

தலைப்பை மறைத்துவிட்டுப் பார்த்தால் திருவிழாவுக்குப் போகும் குடும்பம் மாதிரி இருக்கும். தலைப்பு ‘வெள்ளைப் பெண்கள் வணிகம்’. பெண்களைப் பாலியல் தொழிலுக்கு விற்பதை அன்றைய ஐரோப்பா அப்படித்தான் அழைத்தது. படித்த மறுகணம் அந்தக் கிழவியின் விழிப்புக்கு அர்த்தம் மாறிவிடுகிறது. பாட்டி என்று நினைத்தோம், தரகி. இந்த இடத்தில் தலைப்பு இல்லாமல் படமே இல்லை என்ற நிலைக்கு சொரொயா வந்துவிட்டார்.

அந்த வருடங்களில் வேறு மாதிரிப் படங்களும் அவர் கையிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தன. 1896-ல் வரைந்த ‘பாய் தைத்தல்’ ஒரு நல்ல உதாரணம். செடிகள் நிறைந்த ஒரு முற்றத்தில் பெரிய வெள்ளைப் பாயை மீனவக் குடும்பம் உட்கார்ந்து தைக்கிறது. இலை வழியாக வெயில் சொட்டுச் சொட்டாகப் பாய் மேல் விழுகிறது. இப்போது வெனிஸில் கா பேஸரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1897-ல் நரம்பியல் மருத்துவர் லூயிஸ் சிமார்ரோ தன் ஆய்வகத்தில் வேலை செய்வதை வரைந்தார். விளக்கு வெளிச்சத்தில், மேசை நிறையக் கண்ணாடிக் குடுவைகள், சுற்றிலும் எட்டிப் பார்க்கும் தலைகள். இந்த சிமார்ரோதான் 1887-ல் ரமோன் இ காஹலுக்கு நரம்புச் செல்களுக்குச் சாயமேற்றும் கோல்ஜி முறையைக் காட்டியவர். காஹல் 1906-ல் நோபல் பரிசு வாங்கியது அந்த வழியில் போய்த்தான். இந்தப் படத்தின் தலைப்பு வெறும் ‘ஓர் ஆராய்ச்சி’. விஞ்ஞானிக்கு முன்னால் நிற்கும்போது காரணம் சொல்லும் வேலையை விஞ்ஞானியிடமே விட்டுவிட்டார் போல!

நான்காம் தலைப்பு: துயரச் சொத்து

வாலென்சியாக் கடற்கரையில் மீனவர்களை வரைந்துகொண்டிருந்த ஒரு நாள், தூரத்தில் நிர்வாணமாகச் சில சிறுவர்களும் அவர்களுக்குப் பக்கத்தில் கருப்பு அங்கியில் ஒரு துறவியும் சொரொயாவின் கண்ணில் பட்டார்கள். சான் ஹுவான் தே தியோஸ் சபை நடத்திய மருத்துவ இல்லத்துப் பிள்ளைகள். பார்வையற்றவர்கள், நடக்க முடியாதவர்கள், தொழுநோயாளிகள், மனநலம் குன்றியவர்கள். கடல் குளியல் அந்தக் காலத்தில் ஒரு சிகிச்சை. இல்லத்தின் அனுமதி வாங்கி, அந்த இடத்திலேயே வரையத் தொடங்கினார்.

1899-ல் முடிந்த படம் இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், ஏறக்குறைய மூன்று மீட்டர் அகலம். பின்னணி முழுக்க அடர்ந்த நீலக் கடல். நடுவில் ஊன்றுகோல்களில் உடம்பைத் தொங்கவிட்டு நிற்கும் ஒரு சிறுவன். அவன் கால்கள் குச்சியாகச் சூம்பியிருக்கின்றன. துறவி குனிந்து அவனைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். சுற்றிலும் மெலிந்த முதுகுகள். பக்கத்தில் நல்ல வெயில், நல்ல அலை. வேறு எந்தக் குழந்தையாக இருந்தாலும் கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடியிருக்கும்.

சொரொயா முதலில் நினைத்த தலைப்பு ‘இன்பத்தின் பிள்ளைகள்’. அதாவது பெற்றோர் அனுபவித்த இன்பத்துக்குப் பிள்ளைகள் கொடுத்த விலை. அதை மாற்றி ‘துயரச் சொத்து’ என்று வைக்கச் சொன்னவர் பிளாஸ்கோ இபான்யெஸ் என்பார்கள். ஸ்பானிய மொழியில் எரென்சியா என்றால் அப்பா விட்டுப்போகும் சொத்து. ரத்தத்தில் வரும் பரம்பரைக் குணத்துக்கும் அதே சொல்தான். இரண்டு அர்த்தமும் வேண்டும் என்றே வைத்த பெயர்.

அன்றைய மருத்துவமும் அப்படித்தான் நம்பியது. பாரிஸ் மருத்துவர் ஆல்ஃப்ரெட் ஃபூர்னியே பரம்பரை சிபிலிஸ் பற்றிப் பெரிய நூல்கள் எழுதியிருந்தார். இப்சன் 1881-லேயே ‘பேய்கள்’ நாடகத்தில் அப்பனின் ஒழுக்கக்கேடு மகனின் மூளையை அரிப்பதைக் காட்டியிருந்தார். குடி, சிபிலிஸ், சீரழிவு, பரம்பரை. இந்தச் சங்கிலி அன்றைக்குப் படித்தவர்களின் பொதுஅறிவு.

சரி, அந்தச் சிறுவனின் கால்களை இன்று பார்க்கிற மருத்துவர்கள் என்ன சொல்கிறார்கள்? போலியோ. அந்தப் படத்தில் இரண்டு சிறுவர்களிடம் போலியோவின் அடையாளம் இருப்பதாகச் சொல்கிறார்கள். அதற்குச் சில வருடங்களுக்கு முன் வாலென்சியாப் பகுதியில் அந்த நோய் பரவியிருந்ததையும் சுட்டிக்காட்டுகிறார்கள்.

போலியோ ஒரு வைரஸ் தொற்று. அப்பா குடித்தாரா, அம்மா யாரோடு போனாள் என்பதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒழுக்கமான வீட்டுக் குழந்தைக்கும் வரும், அரண்மனைக் குழந்தைக்கும் வரும். இது ஒரு வைரஸ் என்று லாண்ட்ஸ்டைனரும் போப்பரும் வியன்னாவில் கண்டுபிடித்தது 1908-ல், படம் முடிந்து ஒன்பது வருடம் கழித்து. சிபிலிஸ் கிருமி பிடிபட்டது 1905-ல். தாயிடமிருந்து கருவுக்கு அது போவது உண்மைதான். ஆனா அதுவும் தொற்றுதான், ரத்தத்தில் எழுதிய விதி இல்லை. தொழுநோய்க் கிருமியை ஹான்சன் 1873-லேயே பார்த்துவிட்டார்.

பெற்றோர் செய்த பாவம் பிள்ளைகள் தலையில் என்ற பழைய தீர்ப்பைத்தான் அறிவியல் சட்டை போட்டு அந்தத் தலைப்பு சொன்னது. ஆனா கித்தானில் என்ன இருக்கிறது? சூம்பிய காலின் வளைவு, ஊன்றுகோல் அக்குளில் அழுந்தும் விதம், எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது எல்லாம் துல்லியமாக இருக்கிறது. அவ்வளவு துல்லியமாகப் பார்த்ததால்தான் நூறு வருடம் கழித்து ஒரு மருத்துவரால் நோயின் பெயரைச் சொல்ல முடிகிறது. ஓவியரின் கண்ணே அவருடைய தலைப்புக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

முதல் மூன்று தலைப்புகளும் நடந்ததைச் சொன்னவை: கைவிடப்பட்டாள், செத்துக்கொண்டிருக்கிறான், விற்கப்படுகிறார்கள். கேள்வி, பார்க்கிறவர்களை நோக்கித் திரும்பியது. நான்காவது தலைப்புதான் நோய்க்குக் காரணம் சொன்னது, கேள்வியை அந்தக் குழந்தைகளின் வீட்டை நோக்கித் திருப்பியது. குழந்தைகள் மேல் இரக்கம் இருக்கிறது, சந்தேகமே இல்லை. அந்த இரக்கத்தோடு கூடவே ஒரு பழியும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

நிறுத்திய பிறகு

1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ‘துயரச் சொத்து’ கிராண்ட் பிரீ வாங்கியது. 1901-ல் மாட்ரிட்டில் கௌரவப் பதக்கம். ஒரு ஸ்பானிய ஓவியருக்கு இதற்கு மேல் ஏற உயரம் இல்லை. படம் பிறகு நியூயார்க்குக்குப் போய், அங்கே ஒரு தேவாலயத்தின் உடைமையாகப் பல வருடம் இருந்தது. கடைசியில் வாலென்சியாவுக்கே திரும்பிவிட்டது.

வரைந்த நாட்களில் மிகவும் வேதனைப்பட்டதாகவும், ஒவ்வொரு நாளும் தன்னை வற்புறுத்தித்தான் வரைந்ததாகவும், இந்த மாதிரி விஷயத்தை இனி தொட மாட்டேன் என்றும் சொரொயா சொல்லியிருக்கிறார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அதற்காக ஏழைகளை விட்டு ஓடிவிட்டார் என்று சொன்னால் அது நியாயமில்லை. 1903-ல் வரைந்த ‘பிற்பகல் வெயில்’ படத்தில் அதே மீனவர்கள்தான் மாடுகளைப் பூட்டிப் படகைக் கரைக்கு இழுக்கிறார்கள். மாறியது தலைப்பு. ஆச்சரியக்குறி போய்விட்டது, தீர்ப்பு போய்விட்டது. 1906-ன் கடைசியில் அவருடைய மூத்த மகள் மரியாவுக்குக் காசநோய் வந்தது. மாட்ரிட்டுக்குப் பக்கத்தில் எல் பார்தோ மலைக்காற்றில் தங்கவைத்து, போர்வை சுற்றி வெளியே உட்கார்ந்திருக்கும் மகளை வரைந்தார். நோய் தெரிகிறது. யாருடைய பாவம் என்ற பேச்சு இல்லை.

நிறுத்தாதவர் ஒருவரும் இருந்தார், அவரையும் பார்த்துவிடலாம். அதே வாலென்சியாவில் 1870-ல் பிறந்த அந்தோனியோ ஃபியோல். செருப்பு தைப்பவரின் மகன். 1897-ல் ஒரு பாலியல் தொழில் விடுதியில் கண்ணீரோடு இருக்கும் பெண்ணையும், அவளைக் கட்டாயப்படுத்தும் தரகியையும், சிகரெட் புகைத்தபடி காத்திருக்கும் ஆணையும் வரைந்து, ஸோலாவின் நாவல் பெயரையே ‘மனித மிருகம்’ என்று வைத்தார். 1906-ல் இன்னும் ஒரு படி போனார். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு சிறுமி, தாத்தாவின் பக்கத்தில் நின்றுகொண்டு, வரிசையாக நிறுத்தப்பட்ட ஆண்களில் குற்றவாளி யார் என்று அடையாளம் காட்ட வேண்டிய காட்சி. ஒழுக்கத்துக்குக் கேடு என்று சொல்லித் தேசியக் கண்காட்சியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் குடும்பத்தாரிடமே இருந்த அந்தப் படம் 2020-ல் பிராதோவின் ஒரு கண்காட்சியில் பெரிய அளவில் வெளிச்சத்துக்கு வந்தது.

இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. தூங்கும் பெண்களையும் மயங்கிய பையனையும் பதக்க மேடை ஏற்றுக்கொண்டது. குற்றவாளியை நோக்கி விரல் நீட்ட நிற்கும் சிறுமியை ஏற்கவில்லை. துயரப்படுகிறவர் பேசாமல் இருக்கும் வரைதான் பதக்கம்.

சொரொயா 1909-ல் நியூயார்க்கின் ஹிஸ்பானிக் சொசைட்டியில் 356 படங்களோடு கண்காட்சி வைத்தார். ஒரே மாதத்தில் ஏறக்குறைய 1,60,000 பேர் வந்தார்கள். அதே சங்கத்துக்காக 1911 முதல் 1919 வரை ஸ்பெயினின் பகுதிகளை 14 பெரிய கித்தான்களில் வரைந்து ஓய்ந்துபோனார். 1920-ல் மாட்ரிட் வீட்டுத் தோட்டத்தில் ஓர் உருவப்படம் வரைந்துகொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கியது. அதற்குப் பிறகு வரைய முடியவில்லை. 1923 ஆகஸ்ட் 10-ல் இறந்தார். ஊன்றுகோல் சிறுவனை வரைந்த கை, தன் கடைசி மூன்று வருடத்தை உடம்பு ஒத்துழைக்காத நிலையில் கழித்தது. இதிலும் யாராவது பாவக்கணக்கு பார்த்துவிடாதீங்க!

அவர் 1910-ல் வரைந்த ‘கடற்கரையில் குழந்தைகள்’ பிராதோவில் இருக்கிறது. அதே வாலென்சியாக் கடற்கரை, அதே மாதிரி நிர்வாணச் சிறுவர்கள், மூன்று பேர், ஈர மணலில் குப்புறப் படுத்திருக்கிறார்கள். ‘துயரச் சொத்து’ படத்தை ஒரு சன்னலிலும் இதை இன்னொரு சன்னலிலும் திறந்து வச்சுப் பாருங்க. தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் நல்லது. முதுகெலும்பின் மேல் விழும் வெயிலை இரண்டிலும் ஒரே கவனத்தோடுதான் வரைந்திருக்கிறார்.

ஃபியோலைப் பற்றித் தனியாக எழுத நிறைய இருக்கிறது. அடுத்த குறிப்பில் அவர்தான்.